எந்த நடு உங்களுக்கு வேண்டும்? சராசரி, இடையம், ஆகாரம், வழமை

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய வீட்டு வருமான, செலவினக் கணக்கெடுப்பைத் திறந்தால், இலங்கையில் ஒரு குடும்பத்தின் மாத வருமானத்துக்கு இரண்டு எண்கள் கிடைக்கும். சராசரி 76,414 ரூபாய். இடையம், அதாவது எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பதன் வருமானம், 53,333 ரூபாய். ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே கணக்கெடுப்பு. ஆனாலும் இரண்டுக்கும் இடையில் 23,081 ரூபாய் வித்தியாசம். இதில் எது பொய் என்று தேட வேண்டாம், இரண்டும் சரியான எண்கள். இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு வந்த இரண்டு விடைகள் அவை. “சாதாரணமாக ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வருகிறது?” என்று கேட்பவருக்கு இரண்டாவது எண்தான் பதில். செய்திகளில் அதிகம் அடிபடுவதோ முதலாவது.

பேச்சில் சராசரி, நடு, சாதாரணம், வழமை, மிதம் எல்லாவற்றையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறோம். தேநீர்க் கடையில் அதனால் ஒரு நட்டமும் இல்லை. விளைச்சலை நம்பிக் கடன் எடுக்கும்போதும், பிள்ளையின் நிறையைப் பார்த்துப் பயப்படும்போதும், பரீட்சைப் பெறுபேற்றை வாசிக்கும்போதும் நட்டம் வரும். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்கலாம். கணிதம் கூட்டல், வகுத்தலுக்கு மேல் போகாது.

ஒன்பது வயல்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், ஒரு வட்டையில் (வயல்வெளியில்) ஒன்பது பேர் ஆளுக்கு ஒரு ஏக்கர் வேளாண்மை செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காகச் செய்த கணக்கு. பெரும்போக அறுவடையில் கிடைத்த மூடைகள் இவை:

25, 14, 42, 20, 28, 18, 23, 20, 26

எதற்கும் முன்னால் ஒரு விடயத்தை உறுதிசெய்யுங்கள். எல்லோரும் சொன்ன மூடை ஒரே மூடையா? ஒருவர் 65 கிலோவில் கட்டியிருப்பார், மற்றவர் 70 கிலோவில் கட்டியிருப்பார். ஒருவர் பச்சை நெல்லை நிறுத்திருப்பார், மற்றவர் காயவைத்து நிறுத்திருப்பார். அலகு ஒன்றாக இல்லாத எண்களைக் கூட்டினால், பின்னால் எவ்வளவு கவனமாக வகுத்தாலும் குப்பைதான் வரும். சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குவது நல்லது. இங்கே எல்லாம் ஒரே அளவு மூடை என்று கொள்வோம்.

சராசரியைக் காண எல்லாவற்றையும் கூட்டி, எத்தனை பேரோ அத்தனையால் வகுக்க வேண்டும். கூட்டினால் 216, ஒன்பதால் வகுத்தால் 24. பாடப்புத்தகத்தில் இதற்கு இடை என்று பெயர்.

இடையத்துக்குக் கூட்டல் வேண்டாம், வரிசைப்படுத்தினால் போதும்: 14, 18, 20, 20, 23, 25, 26, 28, 42. நடுவில் நிற்கும் ஐந்தாவது ஆளிடம் உள்ளது 23. அதுதான் இடையம். அவருக்கு இந்தப் பக்கம் நான்கு பேர், அந்தப் பக்கம் நான்கு பேர்.

ஆகாரம் என்பது அதிக தடவை வந்த எண். 20 மட்டும் இரண்டு தடவை வந்திருப்பதால் ஆகாரம் 20.

இன்னுமொன்றும் உண்டு. மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் கூட்டி இரண்டால் வகுப்பது: 42 உடன் 14, அதில் பாதி 28. இதுவும் ஒரு ‘நடு’தான். எட்டுப் பேருடைய விளைச்சல் எப்படி இருந்தாலும் ஓரத்தில் நிற்கும் ஒருவர் மாறினால் இதுவும் மாறிவிடும். அதனால் நெல்லுக்கு இதை யாரும் பயன்படுத்துவதில்லை. ஆனால் நாளாந்த வெப்பநிலைக்கு இந்த வழிதான் உலகெங்கும் நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருக்கிறது. பகலின் உச்சம் 33 பாகை, விடியற்காலையின் குறைவு 25 பாகை என்றால் அன்றைய சராசரி 29 என்று எழுதிவிடுவார்கள். மணிக்கு மணி அளந்து கூட்டி வகுத்த சராசரி அல்ல அது, இரு ஓரங்களின் நடு.

ஒரே ஒன்பது வயல்களுக்கு 20, 23, 24, 28 என நான்கு ‘நடு’ வந்துவிட்டது. எதைச் சொல்வது?

எதற்கு எது

நெல்லை ஏற்ற லொறி பிடிக்க வேண்டுமா? சராசரியை எடுங்கள். 24ஐ ஒன்பதால் பெருக்கினால் 216, ஒரு மூடையும் மிஞ்சாது, குறையாது. இடையத்தை வைத்துப் பெருக்கினால் 207தான் வரும், ஒன்பது மூடை களத்துமேட்டில் கிடக்கும். மொத்தத்தைத் திரும்பப் பெறக்கூடிய ஒரே நடு சராசரி மட்டும்தான். மாவட்டத்துக்கு எவ்வளவு உரம் வேண்டும், ஆலைக்கு எவ்வளவு நெல் வரும், மாதச் செலவு மொத்தம் எவ்வளவு போன்ற கேள்விகளுக்கெல்லாம் அதுவே பொருந்தும்.

அந்த வட்டையில் புதிதாக ஒருவர் குத்தகைக்கு வயல் எடுக்கிறார், “இங்கே ஒருவருக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்கிறார் என்றால், 23ஐச் சொல்லுங்கள். பாதிப்பேருக்கு அதற்குக் கீழே, பாதிப்பேருக்கு அதற்கு மேலே. சராசரியான 24ஐ எட்டாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்: ஒன்பதில் ஐந்து பேர். “பெரும்பாலானோர் சராசரிக்குக் கீழே” என்பது கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஓரத்தில் ஒரு பெரிய எண் இருந்தால் அது நடக்கும். நாட்டின் வருமானத்தில் நடப்பதும் அதுதான். 53,333 ரூபாய்க்குக் கீழே பாதிக் குடும்பங்கள் இருக்கின்றன என்றால், 76,414க்குக் கீழே இருப்பவர்கள் பாதியை விட நிச்சயமாகக் கூட.

சராசரி ஏன் இப்படி இழுபடுகிறது? சராசரி ஒரு தராசு முள். ஒவ்வொரு வயலும் 24இலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். கீழே நிற்பவர்களின் குறை 10, 6, 4, 4, 1, கூட்டினால் 25. மேலே நிற்பவர்களின் மிகுதி 1, 2, 4, 18, கூட்டினால் அதுவும் 25. இரண்டு பக்கமும் சமப்படும் இடத்தில்தான் சராசரி நிற்கும். 42 மூடை எடுத்தவர் ஒருவர் மட்டும் 18ஐச் சுமக்கிறார், மற்றப் பக்கத்தில் ஐவர் சேர்ந்துதான் அதை ஈடுகட்டுகிறார்கள்.

இதன் ஆபத்து தட்டச்சுப் பிழையில் தெளிவாகத் தெரியும். 42ஐப் பதிவேட்டில் 420 என்று யாரோ ஏற்றிவிட்டால் மொத்தம் 594 ஆகும், சராசரி 66 ஆகும். அந்த வட்டையில் 66க்கு அருகில்கூட யாரும் இல்லை. இடையமோ அசையாமல் 23இலேயே நிற்கும். ஆகவே யாரோ சேர்த்துத் தந்த பட்டியல் கையில் கிடைத்தால் சராசரி, இடையம் இரண்டையும் கணக்கிட்டு அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் வெகுதூரம் விலகி இருந்தால் பட்டியலில் பிழை இருக்கிறது, அல்லது ஓரத்தில் உண்மையிலேயே ஒரு பெரிய ஆள் இருக்கிறார். எது என்று விசாரித்த பிறகே மேலே போக வேண்டும். பெரிய எண்ணைக் கண்டவுடன் ‘இது ஒத்துவராது’ என்று வெட்டிவிடுவதும் பிழை. அந்த 42 மூடைக்காரர் என்ன விதை போட்டார், தண்ணீர் எப்படிக் கட்டினார் என்பதுதான் சிலவேளை அந்தப் பட்டியலிலேயே மிகப் பயனுள்ள சேதி.

கடன் எடுப்பவருக்கு என் யோசனை வேறு. சராசரியும் வேண்டாம், இடையமும் வேண்டாம். இடையத்தை நம்பித் திட்டம் போட்டால் இரண்டுக்கு ஒரு தடவை கை கடிக்கும். கீழ்க் கால் பங்கு எங்கே முடிகிறது என்று பாருங்கள், அதற்கு முதலாம் காலணை என்று பெயர். ஒன்பதுடன் ஒன்றைக் கூட்டி நான்கால் வகுத்தால் 2.5, அதாவது இரண்டாவது, மூன்றாவது எண்களுக்கு நடு. 18க்கும் 20க்கும் நடு 19. ஏக்கருக்கு 19 மூடை வந்தாலும் திருப்பிக் கட்டக்கூடிய கடனா என்று கேட்டுப் பார்ப்பது பாதுகாப்பானது.

ஆகாரத்துக்குத் தனி இடம்

ஆகாரத்தைப் பலரும் மூன்றில் மட்டமானதாக நினைக்கிறார்கள். ஒன்பது வயல் கணக்கில் அது உண்மைதான். 20 இரண்டு தடவை வந்தது தற்செயல், அடுத்த போகம் வேறொன்று வரும். ஆனால் கல்முனையில் செருப்புக் கடை வைத்திருப்பவருக்கு ஆகாரம்தான் முதலாளி. விற்ற செருப்புகளின் சராசரி அளவு 7.8 என்று கணக்கு வந்தால் அவர் என்ன செய்வார்? 7.8 அளவில் செருப்பு இல்லை. எந்த அளவு அதிகம் போகிறதோ அதைத்தான் அதிகம் இறக்க வேண்டும்.

எண்ணே இல்லாத தரவுக்கும் ஆகாரம் ஒன்றுதான் கைகொடுக்கும். மருதமுனையில் நெய்யும் சாறன்களில் எந்த நிறம் அதிகம் விற்கிறது, எந்த நெல்லினத்தை அதிகம் பேர் விதைக்கிறார்கள் போன்ற கேள்விகளில் கூட்டவோ வரிசைப்படுத்தவோ ஒன்றும் இல்லை. நீலத்துக்கும் சிவப்புக்கும் சராசரி ஊதா என்று எவரும் நெய்யப்போவதில்லை.

ஆகாரத்தின் பெரிய உபகாரம் இரண்டு கூட்டங்களைக் காட்டிக்கொடுப்பது. ஒரு கிராமத்துக் கிளினிக்குக்கு ஒரு காலையில் ஆறு பேர் வருகிறார்கள். வயது 1, 2, 2, 66, 66, 67. சராசரி வயது 34. இடையமும் 34, ஏனென்றால் நடுவில் நிற்பவை 2உம் 66உம். இரண்டு நடுவும் ஒத்துப்போவதால் ‘கணக்கு உறுதியாகிவிட்டது’ என்று தோன்றும். ஆனால் 34 வயதில் அங்கே ஒருவரும் இல்லை. வந்தவர்கள் குழந்தைகளும் முதியவர்களும். 2 ஒரு ஆகாரம், 66 இன்னொரு ஆகாரம். இப்படிப்பட்ட இடத்தில் ஒற்றை நடுவைச் சொல்வதே பிழை, இரண்டாகப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். கையில் உள்ள எண்களை ஒரு கோட்டில் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்தால் ஒரு குவியலா இரண்டா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கணக்கிடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது, பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

வழுக்கும் இடங்கள்

மாணவர்கள் இடையத்தில் மூன்று விதமாக விழுகிறார்கள். வரிசைப்படுத்தாமலே நடு எண்ணை எடுத்துவிடுவது முதலாவது. மேலே தந்த முதற் பட்டியலில் நடுவில் நிற்பது 28, அது இடையம் அல்ல. இடத்தையும் பெறுமானத்தையும் குழப்பி ‘இடையம் 5’ என்று எழுதிவிடுவது அடுத்தது. ஐந்து என்பது வரிசை எண், விடை 23. பத்துப் பேராகிவிட்டால் தடுமாறுவது மூன்றாவது. 27 மூடை எடுத்த ஒருவர் கூடச் சேர்ந்தால் நடுவில் இருவர் நிற்பார்கள், 23உம் 25உம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 24. ஆகாரத்திலும் இதே குழப்பம் வரும்: ‘ஆகாரம் 2’ என்று எத்தனை தடவை வந்தது என்பதை எழுதிவிடுவார்கள். கேட்டது எந்த எண் என்பதை.

சாதாரண தரப் பரீட்சையில் தரவை வகுப்பாயிடைகளாக, அதாவது 10–20, 20–30 போன்ற எண் பிரிவுகளாகத் தந்து சராசரி கேட்பார்கள். ஒவ்வொரு வகுப்பின் நடுப்பெறுமானத்தையும் அதன் மீடிறனால் (அதற்குள் எத்தனை வருகிறது என்ற எண்ணிக்கையால்) பெருக்கி, எல்லாம் கூட்டி, மொத்த மீடிறனால் வகுக்க வேண்டும். வகுப்புகளின் எண்ணிக்கையால் வகுப்பதே அங்கே அடிக்கடி காணும் பிழை. இன்னொன்றும் ஞாபகத்தில் இருக்கட்டும்: அப்படி வருவது மதிப்பீடுதான். ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் எல்லோரும் நடுவில் நிற்பதாக எடுத்துக்கொண்டதால் வந்த எண் அது.

யாரால் வகுக்கிறீர்கள் என்பது இதைவிடப் பெரிய விடயம். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் மூவர் பரீட்சைக்கு வரவில்லை. எழுதிய 27 பேரின் மொத்தப் புள்ளி 1,620. 27ஆல் வகுத்தால் 60, 30ஆல் வகுத்தால் 54. வராதவருக்குப் பூச்சியம் போட்டு வகுத்துவிட்டு ‘இந்த வகுப்பு பின்தங்கிவிட்டது’ என்று ஆசிரியரைக் கேள்வி கேட்பது நியாயமில்லை. வராதவர்களை நைசாக விட்டுவிட்டு ‘எங்கள் சராசரி 60’ என்று பெருமை பேசுவதும் நியாயமில்லை, வராதவர்கள் பெரும்பாலும் கெட்டிக்காரப் பிள்ளைகளாக இருப்பதில்லை.

நெல்லில் இதே பொறி இன்னும் ஆழமானது. ஒருவர் 12 ஏக்கர் விதைத்தார். மூன்று ஏக்கரை யானை மிதித்துவிட்டது. மீதி ஒன்பது ஏக்கரில் 225 மூடை கிடைத்தது. அறுவடை செய்த ஏக்கருக்குச் சராசரி 25. விதைத்த ஏக்கருக்குச் சராசரி 18.75. விதைநெல்லும் உழவுக்கூலியும் உரமும் பன்னிரண்டு ஏக்கருக்கும் போனவை. ஆகவே இலாப நட்டம் பார்ப்பவருக்கு 18.75தான் கணக்கு. இனத்தின் திறமையைப் பார்க்கும் விவசாய ஆய்வாளருக்கு 25தான் கணக்கு. அறிக்கை ஒன்றில் ‘ஏக்கருக்குச் சராசரி விளைச்சல்’ என்று மட்டும் இருந்தால் எந்த ஏக்கர் என்று கேட்காமல் விடாதீர்கள். அம்பாறையின் எல்லைக் கிராமங்களிலும் வெள்ளம் படும் தாழ்ந்த வட்டைகளிலும் இந்த இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று தூரத்தில் நிற்கும்.

சராசரிகளை எடுத்து மீண்டும் சராசரி பார்ப்பதும் ஒரு வழுக்கல். இரண்டு ஏக்கர் செய்தவருக்கு ஏக்கருக்கு 30 மூடை. பத்து ஏக்கர் செய்தவருக்கு ஏக்கருக்கு 18 மூடை. இருவருக்கும் சேர்த்துச் சராசரி 24 என்று சொல்லத் தோன்றும். மொத்தம் 60உம் 180உம் சேர்ந்து 240 மூடை, ஏக்கர் 12, ஆக 20தான். பிரதேச செயலகப் பிரிவுகளின் சராசரிகளைக் கூட்டி மாவட்டச் சராசரி காண்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். பிரிவுகள் சம அளவாக இருந்தால் மட்டுமே அது சரிவரும்.

வேகத்துக்கு வேறு கதை. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். போகும்போது மணிக்கு 40, வரும்போது மணிக்கு 60 என்றால் சராசரி 50 அல்ல. போக ஒரு மணித்தியாலம், வர நாற்பது நிமிடம், மொத்தம் 100 நிமிடத்தில் 80 கிலோமீற்றர், அதாவது மணிக்கு 48. மெதுவாகப் போனபோது கூடுதல் நேரம் செலவானது, அதனால் அந்த வேகத்துக்குத்தான் பலம் அதிகம். விலை ஏற்ற இறக்கமும் அப்படித்தான். நூறு ரூபாய் 50 சதவீதம் ஏறினால் 150, அதிலிருந்து 50 சதவீதம் இறங்கினால் 75. ‘சராசரியாக மாற்றமில்லை’ என்பவரிடம் மீதி 25 ரூபாயைக் கேளுங்கள்.

வழமை என்பது ஒற்றை எண் அல்ல

இனிச் சிக்கலான சொல்லுக்கு வருவோம். வழமையான, சாதாரண, இயல்பான, ‘நோர்மல்’ என்றெல்லாம் சொல்வது சராசரியை அல்ல. சராசரி ஒரு புள்ளி, வழமை ஒரு பரப்பு.

மழையை எடுங்கள். மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர் மழை. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 137 அல்லது 138. இந்தச் ‘சராசரி மாதத்தை’ நம்பி விதைக்க யாரும் இறங்க மாட்டார்கள். வாடைக்காற்றோடு வரும் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்கள் ஆண்டு மழையில் பாதிக்கு மேலே கொட்டிவிடும், ஜூன், ஜூலையில் நிலம் வெடிக்கும். மாதச் சராசரியைச் சொல்வதானால் ஒவ்வொரு மாதத்துக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கும் ஓராண்டு, ஈராண்டுத் தரவு போதாது. வானிலையாளர்கள் முப்பது ஆண்டுகளை எடுத்துத்தான் ‘வழமை’ என்று ஒன்றை வகுக்கிறார்கள். உலக வானிலை அமைப்பு இப்போது பரிந்துரைக்கும் காலம் 1991 முதல் 2020 வரை. அந்த முப்பது ஜனவரிகளுக்குள் மட்டக்களப்பையும் அம்பாறையையும் மூழ்கடித்த 2011 ஜனவரியும் இருக்கிறது. அப்படி ஒரு மாதம் சராசரியை மேலே இழுத்துவிடும். ஆகவே ‘இந்த ஜனவரியில் சராசரிக்குக் குறைவான மழை’ என்று கேட்டால் உடனே வரட்சி என்று பதற வேண்டாம். அந்தச் சராசரியைத் தொடாத ஜனவரிகளே அதிகமாக இருக்கக்கூடும். மதகும் பாலமும் கட்டுபவருக்கோ சராசரியும் தேவையில்லை, இடையமும் தேவையில்லை. அவர் பார்க்க வேண்டியது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எவ்வளவு பெரிய வெள்ளம் வருகிறது என்பதை.

பிள்ளை நிறுக்கும் கிளினிக்கில் இந்தக் குழப்பம் கண்ணீர் வரை போகும். வளர்ச்சி அட்டைகளுக்கு அடிப்படையாக இருப்பது உலக சுகாதார அமைப்பு 2006இல் வெளியிட்ட நியமங்கள். அவற்றில் நடுவில் ஓடும் கோடு இடையம். ஒரு வயது ஆண் குழந்தைக்கு அது 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9 கிலோ. இடையம் என்பதன் பொருளே, நன்றாக வளரும் பிள்ளைகளிலும் பாதிப்பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள் என்பதுதான். 9 கிலோ உள்ள ஆண் குழந்தையை ‘சராசரிக்குக் குறைவு’ என்று சொல்லித் தாயைக் கலங்கவைக்கக் கூடாது. நிறை குறைவு என்று கணக்கெடுக்கும் எல்லை வெகு கீழே இருக்கிறது: ஒரு வயதில் ஆணுக்கு 7.7 கிலோவுக்குக் கீழ், பெண்ணுக்கு 7.0 கிலோவுக்குக் கீழ். அதைவிட முக்கியம் பிள்ளையின் கோடு போகும் திசை. நடுக் கோட்டுக்கு மேலே இருந்த பிள்ளை மாதாமாதம் சரிந்து வந்தால் இன்னும் ‘சராசரியில்’ நின்றாலும் மிட்வைஃபிடம் கேட்க வேண்டியதுதான். கீழே இருந்தாலும் கோட்டுக்கு இணையாக ஏறிவரும் பிள்ளையைப் பற்றி அந்தளவு கவலை தேவையில்லை.

இரத்தப் பரிசோதனைத் தாளில் வலப்பக்கம் அச்சிட்டிருக்கும் எல்லைகளும் இதே வகை. ஆரோக்கியமானவர்களைச் சோதித்து, நடுவில் வரும் 95 சதவீதத்தினரின் பெறுமானங்களை எடுத்து, இரு ஓரத்திலும் இரண்டரை இரண்டரை சதவீதத்தை விட்டுவிட்டு வகுக்கும் எல்லைதான் பெரும்பாலானவை. அதாவது ஒரு நோயும் இல்லாத இருபது பேரில் ஒருவர் எப்படியும் எல்லைக்கு வெளியே விழுவார். ஒரு ஆளுக்கே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகள் செய்தால், எல்லாமே எல்லைக்குள் வரும் வாய்ப்பு 36 சதவீதம்தான். தடித்த எழுத்தில் ஒரு எண் வந்துவிட்டது என்பதற்காக இரவெல்லாம் விழித்திருக்காமல், தாளைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். மறுபுறம், எல்லைக்குள் இருப்பதெல்லாம் நல்லது என்றும் இல்லை. ஒரு சமூகத்தில் அதிகம் பேருக்கு இருப்பது ‘வழமை’ ஆகும், ‘ஆரோக்கியம்’ ஆகிவிடாது. அதனால்தான் இரத்தச் சீனி, கொலஸ்திரோல் போன்றவற்றுக்கு ஊராரின் நடுவைப் பார்த்து எல்லை போடாமல், எந்த அளவுக்கு மேல் தீங்கு கூடுகிறது என்று பார்த்து எல்லை போடுகிறார்கள்.

‘சராசரி மனிதன்’ என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெற்லே 1835இல் கிளப்பிவிட்ட எண்ணம் அது. 1950இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்து வைத்திருந்தது. கில்பர்ட் டானியல்ஸ் என்ற ஆய்வாளர் அதில் உயரம், மார்புச் சுற்றளவு, கை நீளம் போன்ற பத்து அளவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் நடுவிலுள்ள 30 சதவீதத்துக்குள் வருபவரைச் ‘சராசரி’ என்று தாராளமாகவே வைத்துத் தேடினார். பத்திலும் சராசரியான விமானி ஒருவர்கூட இல்லை. விமான இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடியதாகச் செய்யத் தொடங்கியது அதன் பிறகுதான் வேகம் பிடித்தது. பள்ளிக்கூட மேசை கதிரை வாங்கும்போது ‘சராசரி உயரத்துக்கு’ ஒரே அளவில் வாங்கிப் போடுகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் நல்லது.

மிச்சச் சொற்கள்

நடுத்தரம் என்பது தரப்படுத்தலில் வரும் சொல். சிறிது, நடுத்தரம், பெரிது என்று யாராவது எல்லை போட்டுத் தர வேண்டும். சந்தையில் நடுத்தர இறால் என்றால் கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று வாங்குபவரும் விற்பவரும் பேசி வைத்த அளவு அது, அன்றைய பிடிப்பின் இடையம் அல்ல. நடுத்தர வர்க்கம் என்பதும் அப்படித்தான். தங்களை நடுத்தரம் என்று சொல்லிக்கொள்பவர்களை வருமான வரிசையில் நிறுத்தினால் பலர் நடுவுக்கு வெகு மேலே நிற்பார்கள், சிலர் வெகு கீழே. மிதம் என்பது அளவைச் சொல்லும் சொல், கூட்டத்தைச் சொல்வது அல்ல. மிதமான மழை பெய்தது என்பதற்கும் சராசரி மழை பெய்தது என்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. டிசம்பரில் மட்டக்களப்பில் சராசரி மழை என்றால் குடை தாங்காது.

உயர்தரப் பெறுபேற்றில் வரும் இசட் புள்ளியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது முழுக்க முழுக்கச் சராசரியின் மேல் கட்டியது. பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவால்) வகுப்பதே இசட் புள்ளி. ஒரு பாடத்தில் சராசரி 45, நியம விலகல் 10 என்றால் 60 எடுத்தவருக்கு 1.5. இன்னொரு பாடத்தில் சராசரி 65, நியம விலகல் 10 என்றால் 70 எடுத்தவருக்கு 0.5. எழுபது அறுபதை விடப் பெரியது, ஆனால் அறுபது எடுத்தவர்தான் தன் பாடத்தில் மற்றவர்களை விட முன்னே நிற்கிறார். பூச்சியம் என்றால் சரியாகச் சராசரி. மறைப் பெறுமானம் (பூச்சியத்துக்குக் கீழ்ப்பட்ட எண்) வந்தால் பாடத்தில் தோல்வி என்று சில வீடுகளில் அழுகை தொடங்கிவிடும். சராசரிக்குக் கீழே என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. மிகக் குறைவாக எடுத்த ஒரு கூட்டம் சராசரியைக் கீழே இழுத்துவிட்ட பாடத்தில் பாதிக்கு மேற்பட்டோர் பூச்சியத்துக்கு மேலே இருப்பார்கள், கெட்டிக்காரர் சிலர் மேலே இழுத்துவிட்ட பாடத்தில் பாதிக்கு மேற்பட்டோர் கீழே இருப்பார்கள். நடுவில் நிற்கும் மாணவர் யார் என்று இசட் புள்ளியின் பூச்சியத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு வரிசையில் அவருடைய இடம் என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.